எட்டாவது கதிர்

"நான் போட்டுத் தர்றேன்" என்று அமல்ராணி எழுந்து நின்று சொன்னதும் கோயிலுக்குள் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த நிமிஷம் கரன்ட்டு போய் அதுவும் நின்றது.

பங்குப் பேரவைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டிருந்தவர் தலைவர் பாக்கியராஜ். ரைஸ்மில்காரர். சவேரியார்பாளையத்தில் அவர் பேசி முடிக்கும்வரை தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார்கள். அவர் பேச்சுக்கு நடுவே, பெண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தால் யாருக்குத்தான் திக்கென்று இருக்காது? சொன்னவளுக்கே இருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

விஷயம் ஒரு உடுப்பைப் பற்றியது. ஒலக்கூர் பக்கம் இருக்கிற இந்தச் சின்ன ஊரில் கோயில் கட்டிய பிரெஞ்சுச் சாமியார், பூசைக்கு என்று அவர் ஊரிலிருந்து ஒரு வெள்ளைப் பட்டு உடுப்பு கொண்டுவந்திருந்தார். முன்னால் ஒரு பலகை, பின்னால் ஒரு பலகை மாதிரி தோளிலிருந்து தொங்கும். முதுகில் பெரிய பொன் சிலுவை, சிலுவையைச் சுற்றிக் கோதுமைக் கதிர்கள். போன மார்கழியில் ‘தானே’ என்கிற புயல் உடுப்பு அறையின் ஓட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது, பெட்டியோடு அது ஊறிவிட்டது. பட்டு இப்போது தொட்ட இடத்தில் கிழிகிறது. டிசம்பரில் சவேரியார் திருவிழா. கோயிலுக்கு நூற்றிருபத்தைந்தாவது வருஷம். பிஷப் வருகிறார். அதே மாதிரி ஒரு உடுப்பு புதிதாகச் செய்து அவருக்குப் போட வேண்டும் என்று ஊர் ஆசைப்பட்டது. சென்னையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் கொடுத்தால் ஒரே நாளில் முடியும் என்று பாக்கியராஜ் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் இவள் எழுந்தாள்.

"யாரு அது?" என்றார் பாக்கியராஜ், இருட்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"நம்ம ஸ்டீபன்ராஜ் பொண்டாட்டி. மரக்காணத்துக்காரி" என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள்.

அந்தப் பெயர்தான் அவளுக்கு ஆகாது. மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் துர்காவாகப் பிறந்தவள். கருவாடு ஏற்ற மினிலாரியோடு வந்த ஸ்டீபன்ராஜைப் பார்த்து, பிடித்துப்போய், வீட்டை எதிர்த்துக்கொண்டு வந்து, ஞானஸ்நானம் வாங்கி அமல்ராணி ஆனவள். வந்து பதினாறு வருஷம். நாற்று நட்டாள், வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கினாள், செத்த வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து அழுதாள். ஆரி வேலை கற்றுக்கொண்டு ஊரில் பாதிக் கல்யாணப் பெண்களுக்கு ஜாக்கெட்டும் போட்டுக் கொடுத்தாள். இருந்தும் தண்ணீர்க் குழாயடியிலிருந்து கல்லறை மந்திரிப்பு வரைக்கும் அவள் மரக்காணத்துக்காரிதான். அந்த உடுப்பை அவள் கை போட்டு, பிஷப் அதைப் பீடத்தில் உடுத்தி நின்றால், அப்புறம் ஒருத்தி அப்படிக் கூப்பிடட்டும் பார்க்கலாம். அவள் மனசில் இருந்தது இவ்வளவுதான்.

"ஜாக்கெட்டு போடறது வேற, இது வேறம்மா" என்றார் பாக்கியராஜ். "இது பீடத்துக்குப் போறது. விளையாட்டு இல்ல."

"தெரியும் மாமா. அதான் மிசின்ல குடுக்க வேணான்றேன்."

பங்குச்சாமியார் சிரித்துவிட்டார். இளவயசுக்காரர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "நவம்பர் ரெண்டு, கல்லறைத் திருநாளுக்குள்ள முதுகுச் சிலுவைய முடிச்சுக் காட்டட்டும். நல்லா இருந்தா அதான். இல்லன்னா சென்னைக்குக் குடுத்துடலாம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஸ்டீபன்ராஜ் புலம்பினான். "உனக்கு எதுக்குடி இந்த பேஜாரு? மல்லாட்டை புடுங்கற நேரம். நல்லா வரலன்னு வச்சிக்க, ஊரு நம்மள மென்னு துப்பிடும்."

"வரும்."

"வந்துட்டா சரி. வரலன்னா?"

"வரலன்னா உங்க மினிலாரில ஏத்தி எங்கூர்லயே கொண்டுபோயி உட்டுடுங்க."

"அதுக்கு டீசல் எவன் போடறது?" என்றான் அவன். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் இப்படிப் பேச ஆரம்பித்துவிட்டால் சம்மதித்துவிட்டான் என்று அர்த்தம்.

மறுநாளே ஒற்றை அறையில் மரச்சட்டத்தை விரித்து வெள்ளைப் பட்டை இழுத்துக் கட்டினாள். சட்டம் போக மிச்சமிருந்த இடத்தில் மல்லாட்டை மூட்டை. அதற்கும் போக மிச்சத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருக்களித்துப் படுக்கலாம். நல்ல ஜரிகை வாங்கி, வழக்கமான ஆரிக் கொக்கி ஊசியில் மாட்டித் துணிக்குள் இழுத்தாள். இரண்டாவது இழுப்பிலேயே ஜரிகை தோல் உரிந்துகொண்டது. பொன் தகடு சுருண்டு நின்றது, உள்ளே சிவப்பு நூல் பல்லைக் காட்டியது. வேறு ஊசி எடுத்தாள், எண்ணெய் தடவினாள், மெழுகு தடவினாள். எது செய்தாலும் ஜரிகை உரிந்தது. ஒரு வாரத்தில் சட்டத்துக்குக் கீழே உரிந்த ஜரிகைதான் குப்பையாகக் கிடந்தது. சாமியாரிடம் வாங்கி வந்திருந்த பழைய உடுப்பைத் தட்டில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். அதில் ஒரு இடத்தில்கூடப் பொன் உரியவில்லை. அப்படியானால் அவர்கள் எப்படித்தான் இழுத்தார்கள்?

"உள்பக்கம் பாக்கணும் சாமி" என்று போய் நின்றாள். சாமியார் யோசித்தார். "ஒரு சாண் மட்டும் லைனிங்கப் பிரிச்சுப் பாரு. பாத்துட்டுத் தைச்சுடணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்து போட்டு, வெளிச்சத்தில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தாள். பிரித்தவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் பாம்போ என்று கட்டையோடு ஓடிவந்தாள்.

"இன்னாடி? எங்கடி?"

"அக்கா, இங்க பாரு! உள்ள பொன்னே இல்லக்கா!"

"ஐயையோ, திருடிக்கினு பூட்டானுங்களா?"

"இல்லக்கா! உள்ள போவவே இல்ல! பொன்னு மேலயே கீது. படுத்துக்கினு கீது. சன்னமா ஒரு பட்டு நூலு, அதான் கீழ இருந்து வந்து வந்து கட்டிட்டுப் போவுது. நான் ஒரு பைத்தியம், அதப் புடிச்சு உள்ள உள்ள இழுத்துக்கினு இருந்தேன்!"

வெள்ளையம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. அமல்ராணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் அப்பா வலை கட்டுகிற வேலையல்லவா இது! வலையின் விளிம்புக் கயிறு கண்ணிக்குள் நுழைவதே இல்லை. கயிறு அதுபாட்டுக்கு ஓரத்தில் நீளமாகக் கிடக்கும், சின்ன நூல்தான் வலையையும் கயிற்றையும் சேர்த்துக் கட்டிக்கொண்டே போகும். ஏழு வயசில் மணலில் உட்கார்ந்து அவளே கட்டியிருக்கிறாள். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு விரல் நீளம் ஜரிகையைப் படுக்கவைத்து, பட்டு நூலால் கட்டி முடித்தாள். உரியவில்லை. உலையில் அரிசி போடாததுகூட ஸ்டீபன்ராஜ் வந்து கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது.

"கூழு கீதா?"

"கீது, கீது. முதல்ல இதப் பாருங்க!"

"பசிக்குதுடி."

"பாத்துட்டுப் பசிங்க!"

அதோடு அடங்கியதா? ஒன்று திறந்தால் அடுத்தது மூடிக்கொண்டு நின்றது. பழைய உடுப்பில் கட்டிய நூல் வெளியே தெரியவில்லை, இவளுடையதில் எறும்பு வரிசை மாதிரி தெரிந்தது. கதிர்மணிகள் அங்கே புடைத்துக்கொண்டு நின்றன, இங்கே தட்டையாக இருந்தன. திண்டிவனத்துக்கு ஜாக்கெட் கொடுக்கப் போன நாளில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தாள். நடத்துகிறவர் சீனுவாசன். "இன்னாம்மா, ஹால் டிக்கெட்டா?" என்றார். "பழைய காலத்து வெள்ளைக்காரத் தையல் வேணும்" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எதையெதையோ தட்டினார். கடைசியில் ஒரு படம் வந்தது. அதில் முகமே இல்லை. ஒரு வெள்ளைக்காரியின் கைகள் மட்டும் தைத்துக்கொண்டிருந்தன. அது நின்று நின்று ஓடியது. பேச்சு ஒரு வார்த்தை புரியவில்லை, கை முழுக்கப் புரிந்தது. கீழே பருத்திக் கயிற்றை அடுக்கித் தைத்து மேடு கட்டுகிறாள், அதன்மேல் பொன்னைக் கிடத்துகிறாள். இரண்டு ஜரிகையைச் சேர்த்து முறுக்கிய கயிறு என்றால், முறுக்கு ஓடுகிற பள்ளத்தில் ஊசியைச் சாய்த்து இறக்குகிறாள், நூல் பள்ளத்துக்குள் விழுந்து மறைந்துபோகிறது.

"நிறுத்துங்க! திருப்பிப் போடுங்க! அதே இடம், அதே இடம்!"

அமல்ராணி நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். பக்கத்தில் அப்ளிகேஷன் போட வந்த பிள்ளைகள் எல்லாம் தங்கள் வேலையை விட்டுவிட்டு இவளைப் பார்த்தார்கள். கரன்ட்டு போகிறவரை திருப்பித் திருப்பிப் போடவைத்தாள். பஸ்ஸில் வரும்போது வெறும் கையை மடிமேல் வைத்துச் சாய்த்து இறக்கி, சாய்த்து இறக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டுக்காரி தள்ளி உட்கார்ந்தாள்.

அப்புறம் வேலை ஓடியது பாருங்கள்! காலையில் மல்லாட்டைக் கொல்லை, மத்தியானம் வெயில் வாசலில் சாயும்வரை சட்டம். சிலுவை வந்தது. முதல் கதிர் வந்தது. கோதுமைக் கதிரை அவள் கண்ணால் கண்டதில்லை. பாக்கெட் மாவாகத்தான் தெரியும். கண்டால் என்ன, காணாவிட்டால் என்ன, பழைய உடுப்பில் இருக்கிறபடி மணிக்கு மணி, மீசைக்கு மீசை போட்டாள். இப்படி ஏழு கதிர் முடித்தாள். எட்டாவதுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

இடதுபக்கம் கீழே இருந்த அந்தக் கதிர் மற்றதைப் போல இல்லை. மீசை இல்லை. ஒரு தண்டு, அதன் நுனியில் உள்பக்கமாக மடங்கிய நாலைந்து விரல்கள். ஜரிகையும் வேறு, கொஞ்சம் கறுத்த, புடவைக் கரையிலிருந்து உருவியது போன்ற ஜரிகை. கட்டிய நூல் பட்டே இல்லை, பருத்தி. எலியோ எதுவோ கடித்த இடத்தில் பின்னால் யாரோ போட்டது என்று புரிந்தது. ஆனால் என்ன போட்டிருக்கிறாள்? இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டாள். மூன்றாம் நாள் மாவுச் சல்லடை கேட்டு வந்த வெள்ளையம்மாள், தோளுக்கு மேலே எட்டிப்பார்த்து, சாதாரணமாகச் சொன்னாள்:

"இன்னாடி, சாமி துணில கேப்பைக்கதிரு போட்டுக்கினு கீது?"

அமல்ராணி திரும்பி அவளைப் பார்த்தாள். உடுப்பைப் பார்த்தாள். மடங்கிய விரல்கள். கேப்பை! கேப்பையேதான்!

"அக்கா! நீ இன்னா சொன்ன? திருப்பிச் சொல்லு!"

"கேப்பைன்னேன். ஏன், தப்பா?"

தப்பா! அமல்ராணிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோதுமையையே பார்த்திராத ஒருத்தி இந்த ஊரில் இருந்திருக்கிறாள். கதிர் போடு என்று சொல்லியிருப்பார்கள். தனக்குத் தெரிந்த கதிரை அவள் போட்டுவிட்டாள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்கப் பார்க்க இன்னும் ஒன்று தெரிந்தது. முதல் விரலில் கட்டு நூல் தாறுமாறாக வெளியே தெரிந்தது. இரண்டாவதில் கொஞ்சம் அடங்கியது. கடைசி விரலில் நூலே தெரியவில்லை, பள்ளத்துக்குள் போய்விட்டது. அவளுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை! போடப் போடவே கற்றுக்கொண்டிருக்கிறாள்! தன்னைப் போலவே ஒருத்தி, இதே உடுப்பின் முன்னால் குந்தி, வாயைப் பிளந்துகொண்டு, "அட, இப்படியா!" என்று சொல்லியிருப்பாள். அமல்ராணிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. எட்டாவது கதிரைக் கேப்பையாகவே போட்டாள், கடைசி விரலில் அந்தப் பழைய காலத்துக்காரி கண்டுபிடித்த தையலில்.

ஐப்பசிப் பாதியில் மறுபடியும் புயல் என்றார்கள். நீலமாம் பேரு. ஓட்டிலிருந்து மழை ஊசி ஊசியாக இறங்கியது. ஸ்டீபன்ராஜ் மல்லாட்டை மேலிருந்த தார்ப்பாயை உருவிச் சட்டத்துக்கு மேலே கட்டினான்.

"மல்லாட்டை நனையுதுங்க!"

"மல்லாட்டைய காய வச்சிக்கலாம். இத எங்க போய்க் காய வைக்கிறது? புடிடி அந்த முனைய" என்றான். வலிக்கும் கையை மாற்றி மாற்றி இருவரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்கு அவன் மேல் அன்றைக்கு வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது.

கல்லறைத் திருநாள் மந்திரிப்பு முடிந்து பாக்கியராஜ் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். சாமியாரும் கூட வந்தார். பாக்கியராஜ் சட்டத்தின் முன்னால் போய் நின்றார். கண்ணாடியை மாட்டினார். குனிந்தார். ஒவ்வொரு கதிராகப் பார்த்துக்கொண்டே வந்தவர் எட்டாவதில் நிமிர்ந்தார்.

"இது இன்னாம்மா?"

"கேப்பைங்க மாமா."

"கேப்பையா? பூசை உடுப்புலயா? நற்கருணை அப்பம் கோதுமைம்மா! கேப்பைக் களியையா பூசைல தூக்கி எழுந்தேத்தறோம்?"

"பழசுல அப்படித்தான் கீது மாமா. பாருங்க."

பழையதைப் பார்த்தார். முகம் இறுகியது. "அது எவளோ தெரியாம பண்ண தப்பு. தெரிஞ்சே நீயும் பண்ணலாமா? பிஷப்பு முன்னாடி ஊரு மானம் போவணுமா? இத எடுத்துட்டுக் கோதுமை போடு. முடியாதுன்னா சொல்லிடு, சென்னைக்குப் போன் பண்ணிடறேன்."

ஸ்டீபன்ராஜ் அவள் கையைக் கிள்ளினான். எடுத்துவிடு, அவ்வளவுதானே என்று அர்த்தம். ஒரு கதிர்தான். எடுத்தால் உடுப்பு பீடத்துக்குப் போகும். இதற்காகத்தானே இத்தனை பாடும்? அமல்ராணி அந்தக் கேப்பைக்கதிரைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்:

"மாமா, மத்த ஏழையும் எடுன்னா எடுத்துடறேன். அது நான் பாத்துப் போட்டது. இது இந்த ஊருக்காரி ஒருத்தி போட்டது. அதுக்கப்புறம் எத்தினியோ சாமியாருங்க இதப் போட்டுக்கினு பூசை வச்சிட்டாங்க, ஒருத்தரும் எடுக்கல. நான் மரக்காணத்துக்காரி. உங்க ஊருக்காரி போட்டத எடுக்க நான் யாரு? நீங்க இந்த ஊருக்காரரு. வேணுன்னா நீங்க எடுங்க."

பிளேடை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

பாக்கியராஜ் ரோஷக்காரர். "எடுக்க மாட்டேன்னு பாக்கறியா?" என்று குந்திவிட்டார். சாமியார் கதவோரம் நகர்ந்து நின்றார். பாக்கியராஜ் பிளேடு நுனியைக் கேப்பையின் ஒரு விரலில் வைத்தார். எதை அறுப்பது? பொன்தான் தெரிந்தது. அதைக் கட்டிய நூலைக் காணோம். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். வாசல் வெளிச்சத்துக்குச் சட்டத்தைத் திருப்பச் சொன்னார். இந்த விரலில் தேடினார், அந்த விரலில் தேடினார். நெற்றியில் வேர்த்தது.

"நூலு எங்கம்மா?"

"கீது மாமா."

"கீதுன்னா எங்க கீது? தெரியலியே!"

"தெரியாம கட்டறதுதான் மாமா தையலே."

அவர் இன்னும் கொஞ்சம் தேடினார். தேடுகிறது மெதுவாகப் பார்க்கிறதாக மாறிப்போனது. விரலால் அந்தக் கதிரை ஒருமுறை தடவினார். பிளேடைத் தரையில் வைத்தார்.

"கண்ணு சரியில்ல" என்று எழுந்தார். "இருந்துட்டுப் போவுது. யாராவது கேட்டா நான் பாக்கலன்னு சொல்லிடுவேன், ஆமா." செருப்பை மாட்டிக்கொண்டு போயே விட்டார். சாமியார் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அவர் பின்னாலேயே ஓடினார்.

திருவிழாவும் வந்தது. கோயில் கொள்ளாத கூட்டம். வெள்ளையம்மாள் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து அமல்ராணி பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மணியடித்து, பாட்டு எழும்பி, பிஷப் பக்கவாசல் வழியாகப் பீடத்தில் ஏறியதும் அமல்ராணி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். முன்பக்கம் மட்டும்தான் தெரிந்தது! நடுவில் ஒரு பொன் பட்டை, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் சாமியார்கள் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூசை வைப்பார்கள், அதனால் வேலையெல்லாம் முதுகில். இப்போது முகம் பார்த்தல்லவா நிற்கிறார்கள்! இதை அவளும் யோசிக்கவில்லை, ஊரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

"எங்கடி நம்ம கேப்பை?" என்று வெள்ளையம்மாள் கிசுகிசுத்தாள்.

"முதுகுல."

"திரும்பச் சொல்லுடி."

"பிஷப்பயா? சும்மா இருக்கா."

பூசை முழுக்க அவர் திரும்பவில்லை. முன் பெஞ்சில் இரண்டு பெண்கள், "கையால போட்டாங்கன்னாங்க, ஒன்னும் பெருசா காணோமே" என்று பேசியது காதில் விழுந்தது. அமல்ராணி தலையைக் குனிந்துகொண்டாள். இவ்வளவுதான் போலிருக்கிறது. உடுப்பு பீடம் ஏறிவிட்டது, அது சுவருக்கு மட்டும்தான் தெரிகிறது.

நற்கருணை முடிந்து, நன்றி சொல்ல பாக்கியராஜ் மைக்குக்கு வந்தார். பிஷப்புக்கு நன்றி, சாமியாருக்கு நன்றி, பந்தல்காரருக்கு நன்றி, சமையலுக்கு நன்றி. தாளை மடித்தவர் நகரவில்லை. பிஷப் பக்கம் திரும்பினார்.

"ஆண்டவரே, தப்பா நினைக்கக் கூடாது. ஒரு நிமிஷம் சனங்களுக்கு முதுக காட்டி நிக்கணும்."

பிஷப் ஒரு கணம் விழித்தார், அப்புறம் தன் தோளைக் குனிந்து பார்த்தார், சிரித்துக்கொண்டே திரும்பினார்.

திறந்திருந்த பெரிய ஜன்னல் வழியாக வெயில் அதன்மேல் முழுசாக விழுந்தது. "யப்பா!" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம். பின்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள், பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறினார்கள். "கேப்பை! கீழ பாரு, கேப்பை!" என்று வெள்ளையம்மாள் கத்தியே விட்டாள். அது வரிசை வரிசையாக முன்னால் ஓடியது. எங்கே, எங்கே, அதோ இடதுபக்கம், அட ஆமா, நம்ம கேப்பைதான்.

பாக்கியராஜ் கையை உயர்த்தி அமர்த்தினார்.

"இது எங்க ஊர்ப் பொம்பளைங்க ரெண்டு பேரு கைவேலை, ஆண்டவரே. ஒருத்தி கோதுமைக்குப் பதிலா கேப்பை போட்டவ. அவ பேரு எங்களுக்குத் தெரியாது. இன்னொருத்தி அதோ உக்காந்துக்கினு இருக்கா. பேரு அமல்ராணி. எழுந்து நில்லும்மா."

அமல்ராணி பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளையம்மாள்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள்.